வெறும் தட்டே எடை காட்டுகிறது, என்ன செய்யலாம்?

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். சி மொழியில் எழுதிய சிறிய வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றைச் செயலிக்குள்ளேயே (சிபியூ) இருந்து அதன் நிகழ்வுகளை எண்ணும் வன்பொருள் எண்ணிகளால் அளக்கப் பார்க்கிறேன். லினக்ஸின் பெர்ஃப் (perf) என்ற அளவீட்டு வசதி வழியாக, தொடக்கத்தில் ஒரு வாசிப்பு, முடிவில் ஒரு வாசிப்பு.

நேற்றிரவு இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே வைக்காமல் ஓட்டினேன். பூச்சியம் வரவில்லை, ஆயிரத்துக்கு மேல் சைக்கிள், அதாவது செயலியின் கடிகாரத் துடிப்பு! மீன் வைக்காத தட்டே தராசில் கால் கிலோ காட்டிய கதை. ஒவ்வொரு வாசிப்பும் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் போய் வருவதால்தான் இந்தச் செலவு என்பது புரிகிறது. ஆனால் ஓட்டத்துக்கு ஓட்டம் எண் மாறுகிறதே, எதைக் கழிப்பது? சராசரியையா, மிகக் குறைந்ததையா? நிரலை ஒரே கோரில் கட்டிவைத்தும் பார்த்துவிட்டேன், கொஞ்சம்தான் அடங்கியது.

கர்னலுக்குப் போகாமலே எண்ணியை வாசிக்கும் ஆர்டிபிஎம்சி (rdpmc) என்ற செயலிக் கட்டளையை யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? கர்னல் நிரலோடு பகிரும் எம்மேப் (mmap) நினைவகப் பக்கத்தின் லாக் எண்ணை, நடுவில் கர்னல் எதையும் மாற்றியதா என்று பார்க்க, வாசிப்புக்கு முன்னும் பின்னும் ஒப்பிடும் இடத்தில் தடுமாறுகிறேன். ஓடுகிற மாதிரி நிரல் இருந்தால் தந்துதவுங்கள். "பத்தாயிரம் முறை சுற்றவிட்டுச் செலவைக் கரைத்துவிடு" என்கிறார் அண்ணன். அப்படிச் செய்தால் தரவு முழுவதும் செயலியின் வேக நினைவகமான கேஷில் போய் உட்கார்ந்துவிடுகிறது. நான் எண்ண வந்ததே கேஷ் தவறல்களை, அதாவது தேடிய தரவு கேஷில் இல்லாமல் போகும் தடவைகளைத்தான்!