'வண்டிச் சிற்றில்': இழுத்துச் செல்லும் வீட்டுக்கு ஒரு சொல்

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு, சேலத்திலிருந்து வணக்கம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர், விருந்தினர் தங்குவதற்காக, சக்கரச் சட்டத்தின்மேல் கட்டி வேறொரு வண்டியால் இழுத்துச் செல்லக்கூடிய 'டைனி ஹவுஸ்' ஒன்றைச் செய்ய விரும்பி, அதன் வரைபடத்தைத் தமிழிலேயே எழுதித் தருமாறு கேட்டதில், அத்தகைய வீட்டைத் தமிழில் என்னவென்று சொல்வது என்ற இந்த விவாதம் நம் குழுமத்தில் தொடங்கியது. வந்த சொற்கள் அனைத்தையும் படித்துவிட்டேன். என் கருத்தைக் காரணங்களோடு எழுதுகிறேன்.

நேர்பொருளான 'சின்ன வீடு' என்பதை யாரும் முன்மொழியாததில் வியப்பில்லை. அந்தத் தொடருக்கு நம் பேச்சில் வேறு குடித்தனம் அமைந்து நெடுநாளாகிவிட்டது. அதை வரைபடத்தின் தலைப்பில் எழுதினால் அந்தத் தோட்டத்தில் எனக்கு இனிமேல் காப்பி கிடைக்காது. 'தொடுப்பு வீடு' என்று பரிந்துரைத்த ஆத்தூர் ஆசிரியர் வினைச்சொல்லின் தூய்மையை மட்டும் பார்த்தார் போலும். 'தொடுப்பு' என்ற சொல்லுக்கும் அதே பழி உண்டு. 'குறுவீடு' குற்றமற்ற சொல். 'குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்' என்ற அரசு வழக்கு அதற்குத் துணை நிற்கிறது. ஆயினும், அதைக் கேட்டால் எனக்கு மானியப் படிவம்தான் நினைவுக்கு வருகிறது.

பெரும்பான்மையோர் ஆதரித்த 'இழுவை வீடு' பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இழுவைப் படகு மற்றொரு கப்பலை இழுக்கிறது. இழுவை இயந்திரம் என்று நாம் எழுதும் டிராக்டரும் கலப்பையை இழுக்கிறது. இவ்வழக்குகளில் 'இழுவை' என்ற அடை இழுக்கும் பொருளைக் குறிக்கிறதே அன்றி, இழுக்கப்படும் பொருளைக் குறிக்கவில்லை. பழனி மலையின் மின் இழுவை ரயிலை எதிர்ச்சான்றாகக் காட்டிய நண்பரின் கூற்றை ஒப்புக்கொள்கிறேன். அங்கே வடம் இழுக்க, பெட்டி ஏறுகிறது. ஆனால், ஒரே அடை இரு திசையிலும் பொருள்படும்போது, முதன்முறை படிப்பவருக்கு அது எந்தத் திசை என்று தெரியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரை விளக்கும்போது, 'இழுக்கப்படும், அல்லது இழுக்கப்படுவதற்கென அமைந்த' ஊர்தி என்ற கருத்தைத்தான் முன்வைக்கிறது. அந்தச் செயப்பாட்டுத் தன்மையே இங்கே உயிர். 'நடமாடும் வீடு' தவறுவதும் இதனால்தான்: நடமாடும் நூலகமும் திரைப்பட நடிகர்களின் கேரவனும் தம் இன்ஜினிலேயே ஓடுகின்றன, நம் வீட்டுக்கு இன்ஜின் இல்லை.

இழுக்கப்படும் பொருளுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது 'வண்டி'. இன்று இருசக்கர வாகனத்தையும் காரையும் வண்டி என்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் மாட்டு வண்டி, குதிரை வண்டி, தள்ளுவண்டி ஆகியவற்றில் வண்டி தானாக நகர்வதில்லை, பிறிதொன்று அதை நகர்த்துகிறது. எனவே 'வண்டிச் சிற்றில்' என்று முன்மொழிகிறேன். பிள்ளைத்தமிழில் சிறுமியர் மணலில் கட்டும் விளையாட்டு வீடல்லவா சிற்றில், சிதைவதற்கென்றே கட்டியதன் பெயரை மனிதர் வாழும் வீட்டுக்கு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். புறநானூற்றின் 86ஆம் பாட்டில், மகன் எங்கே என்று கேட்டவருக்கு விடை சொல்லும் தாயின் வீடும் சிற்றில்தான். அதற்கு நல்ல தூண் இருக்கிறது, பற்றிக்கொண்டு நிற்கலாம். அந்தப் பொருளை மீட்டெடுப்பதில் பிழை இல்லை.

சொல்லை உட்புற அமைப்பில் வைத்துச் சோதிக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தனி அனுமதியின்றி இழுத்துச் செல்ல அகலம் எட்டரை அடிக்குள்ளும், பல மாநிலங்களில் உயரம் பதின்மூன்றரை அடிக்குள்ளும் இருக்க வேண்டும் என்பதால், அந்த வகை வீடுகள் பெரும்பாலும் அந்த அளவிலேயே அமைகின்றன. நீளத்தை 20 அடியாகக் கொண்டு, என் வீட்டு மொட்டைமாடியில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து பார்த்தேன். மொத்தம் 170 சதுர அடி. சுவர்க்கனம் போக உள்ளகலம் ஏழரை அடிக்குச் சற்று மேல். சமையல் மேடைக்கு இரண்டடி ஒதுக்கி, எதிர்ச்சுவரில் சாய்மணையும் (சோபா) வைத்ததும், நடுவில் ஒருவர் நிற்க மற்றவர் ஒதுங்கிப் போகும் அளவுதான் மிஞ்சியது. குளியலறைக் கதவை உட்பக்கம் திறக்குமாறு வரைந்தபோது, அது கழிப்பறைப் பீங்கானில் இடிக்கும் என்பதை என் மனைவி கோட்டின்மேல் நின்றே காட்டிவிட்டார். அதனால் அது தள்ளுகதவாயிற்று.

எடையைப் பிரிக்கும்போதுதான் 'வண்டி' என்ற சொல் தன் தகுதியைக் காட்டியது. குழாய்ச் செலவு குறையும் என்று சமையலறை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி மூன்றையும் பின்கோடியில் சேர்த்து வைத்தால், இழுக்கும்போது பின்புறம் பாம்புபோல் ஆடத் தொடங்கும். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு, இழுக்கும் வண்டியோடு இணைக்கும் கொக்கியின்மேல் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. மாட்டு வண்டி ஓட்டியவர்கள் 'பின்பாரம், முன்னால் தள்ளி உட்காருங்கள்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டையும் அப்படியே வரைபடத்தில் எழுதிவிட்டேன். தண்ணீர்த் தொட்டி இப்போது அச்சுக்கு மேல் வந்துவிட்டது. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பின்பாரத்தோடு ஏறுவதை நினைத்துப் பார்க்கவே எனக்கு விருப்பமில்லை.

மேல்தளப் படுக்கைக்கு மூன்று சொற்கள் வந்தன. 'மச்சு' என்றால் நிமிர்ந்து நடக்கலாம் என்ற எண்ணம் வரும். இங்கே அது இயலாது. அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டுக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் பிற்சேர்க்கை, மேல்தளம் நீங்கலாக 400 சதுர அடிக்கு மேற்படாததையே இவ்வகை வீடு என்கிறது; கீழே வசிக்கும் இடத்தின் உயரம் 6 அடி 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மேல்தளம் 35 சதுர அடிக்கும், அதன் எந்தப் பக்கமும் ஐந்தடிக்கும் குறையக் கூடாது என்கிறது. சக்கரச் சட்டம், கூரைக்கனம் எல்லாம் கழித்தால் மேலே மூன்றரை அடி, நான்கடிதான் தேறும். சம்மணமிட்டு உட்காரலாம், நிற்க முடியாது. எங்கள் கொங்குப் பக்கத்து 'அட்டாலி' எனக்கு நெருக்கமான சொல். ஆனால் அட்டாலியில் வெண்கலப் பாத்திரம் கிடக்கும், மனிதர் படுப்பதில்லை. 'பரண்' வீட்டுக்குள் தட்டுமுட்டுச் சாமான்களுக்குரியதாகச் சுருங்கிவிட்டாலும், காட்டில் பயிருக்குக் காவல் இருப்பவர் இரவில் தங்கும் இடமும் அதுவே. ஆகவே 'படுக்கைப் பரண்'. சூடான காற்று மேலேறித் தேங்கும் என்பதால், பரணின் இருபுறமும் எதிரெதிராகச் சன்னல் வைத்திருக்கிறேன். சேலத்துச் சித்திரை வெயிலுக்கு மட்டுமன்று, மலையின் குளிரிரவில் இருவர் மூச்சும் சமையல் ஆவியும் சுவரில் நீராய்ப் படியாமல் வெளியேறவும் அது வேண்டும்.

பரணுக்கு ஏறும் வழியில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஏணி இரண்டு சதுர அடியில் அடங்கும். வயதானவர்கள் இரவில் இறங்க முடியாது. ஒவ்வொரு படியும் ஒரு பெட்டியாக அமையும் படிக்கட்டு அதைவிடப் பல மடங்கு இடம் பிடித்தாலும், துணி, அரிசி, செருப்பு எல்லாவற்றையும் விழுங்கி அந்த இடத்தைத் திருப்பித் தந்துவிடுகிறது. அதை 'பெட்டிப்படி' என்று எழுதியிருக்கிறேன். வீட்டை நிறுத்திய பின், உள்ளே நடக்கும்போது ஆடாமலிருக்க நான்கு மூலையிலும் இறக்கும் தாங்கிகளுக்கு 'நிலைப்பி' என்று ஒருவர் சொன்னார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை மேஸ்திரியிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். "முட்டுக்கால்தானேங்க?" என்றார். வரைபடத்தில் திருத்திவிட்டேன்.