பெண் வண்டு கையில், ஆண் வண்டு எந்த மடுவில்?

படுவான்கரையிலிருந்து:

தண்ணி வண்டோடு பட்ட அனுபவத்தை எழுதுங்கள் என்று வாசகர்களிடம் கேட்டபடியால் என்னுடையதை எழுதுகிறேன். ஆறு வருடமாக என் அலுமாரியில் ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு வண்டு, 4 மில்லிமீற்றர். அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை என்பது என் நம்பிக்கை. வெளியில் சொல்லப் பயம், ஏனென்றால் அது பெண்.

மட்டக்களப்பில் உன்னிச்சைப் பக்கம் மாமாவின் வயல்வட்டைக்குள் ஒரு மடு இருக்கிறது. மாரி தொடங்கி ரெண்டு கிழமை. ஆற்றுவாழையின் வேரை அத்தாங்கால் அள்ளி வெள்ளைப் பேசினுக்குள் உதறிக்கொண்டிருந்தேன். வாடிக்குள் இருந்து மாமா கேட்டார்: "என்ன மருமகன், கம்பசுக்குப் போய்ப் படிச்சது பூச்சி பொறுக்கவா?" நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

பேசினுக்குள் பார்த்தால் ரெண்டு சாதி ஆட்கள் தெரிவார்கள். ஒன்று பின்னங்கால் ரெண்டையும் துடுப்புப் போலச் சேர்த்து வலித்து விர்ரென்று போகும், காற்றெடுக்க வாலை மேலே தூக்கும். அது வேட்டைக்காரன், டைட்டிஸ்கிடே குடும்பம். மற்றது கால்களை மாறி மாறி வைத்து, நடக்கிற மாதிரியே நீந்தும். காற்றெடுக்கத் தலையைத்தான் மேலே கொண்டுவரும். நம்முடையது இதுதான், ஹைட்ரோபிலிடே. வளர்ந்த வண்டு பெரும்பாலும் அழுகின இலைதழை, பாசி தின்று காலம் கழிக்கும். உயிர்களுக்குப் பெயர் வைக்கிற முறையைத் தந்த லின்னேயஸே 1758இல் இதன் பெரிய ஐரோப்பிய இனத்தை, அந்த வேட்டைக்காரனின் டைட்டிஸ்கஸ் என்ற சாதிக்குள்தான் போட்டார். அதனால் உங்களுக்கு மாறிப்போனால் வெட்கப்படாதீர்கள்.

கைவில்லை வைத்துப் பாருங்கள். முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பது உணர்கொம்பு இல்லை, வாயோடு சேர்ந்த தடவுறுப்பு. உண்மையான உணர்கொம்பு கட்டை, நுனியில் குண்டாந்தடி மாதிரி ஒரு முடிச்சு, தலைக்குக் கீழே மடித்து ஒளித்து வைத்திருக்கும். காற்று வேணுமென்றால் தலையைக் கொஞ்சம் சரித்து அந்த முடிச்சால் தண்ணீரின் தோலைத் தொடும். தொட்ட இடம் உடைந்து காற்று வயிற்றுப்பக்கம் இறங்கும். அந்த நேரம் அடிவயிறு முழுக்க வெள்ளிப் பூச்சு. சோறு ஆறினது கூடத் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அன்றைக்கு அகப்பட்டதில் ஒன்று, வயிற்றுக்குக் கீழே சின்னப் பட்டுப் பையைப் பின்னங்காலால் அணைத்துக்கொண்டு போனது. பைக்குள் முட்டை. ஹெலோகாரிஸ் சாதியில் தாய் இப்படித்தான் சுமந்து திரியும். பிள்ளைத்தாய்ச்சியைப் பிடித்துவிட்டேனே என்று மனம் கேட்கவில்லை. ஆனால் முதுகோட்டுக் குழிப்புள்ளிகள் என்னிடம் இருந்த எந்த விவரணத்தோடும் ஒத்துவராதபடியால் குப்பிக்குள் போய்விட்டது.

இனி என் மடத்தனங்கள். முதல் வருடம் பிடித்த அறுபது எழுபது வண்டுக்கும் குப்பியில் "மட்டக்களப்பு" என்று மட்டும் எழுதி வைத்தேன். வாவியே 56 கிலோமீற்றர் நீளம், இதில் மட்டக்களப்பு என்றால் எந்த மூலை? எந்த நாள்? எல்லாம் குப்பை. அடுத்த வருடம் ஊசி குத்திப் பெட்டியில் அடுக்கியவற்றை எறும்பு தின்றது. ஊசி அப்படியே நிற்கிறது, ஊசியில் ஒரு கால் தொங்குகிறது. அதற்குப் பிறகுதான் ஸ்பிரிட். பாமசியில் மூன்றாம் தரம் சேர்ஜிகல் ஸ்பிரிட் கேட்டபோது, கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சேர், வீட்டில ஏதும் பிரச்சினையா?" என்றார்.

பெண் என்பதால் என்ன சிக்கல்? இந்தக் கூட்டத்தில் பல இனங்களை வெளியே பார்த்துப் பிரிக்கவே ஏலாது. எல்லாம் மண்ணிறம், எல்லாம் வழவழப்பு. ஆணின் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்து அதன் வடிவத்தைப் பார்த்துத்தான் இது வேறு, அது வேறு என்று சொல்வார்கள். 4 மில்லிமீற்றர் வண்டில் அந்த உறுப்பு எள்ளில் பாதி கூட வராது. ஈர்க்கு நுனியில் செருகின ஊசியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூட நுணுக்குக்காட்டிக்குக் கீழே பழகினேன். ஒருநாள் தும்மல் வந்தது. அந்த உறுப்பை இன்றுவரை காணவில்லை. நல்லகாலம், அது சாதாரண வண்டு.

ஆண் கிடைத்தாலும் வேலை முடியாது. இது புதுசு என்று சொல்ல, பழசு எல்லாவற்றையும் தெரிந்திருக்க வேணும். நம்முடைய பழசு நம்மிடம் இல்லை. தரங்கம்பாடியில் பிடித்த பூச்சிகளுக்கு டென்மார்க்காரர் பப்ரீசியஸ் பெயர் வைத்தார், அவருடைய மாதிரிகள் கோப்பன்ஹேகனில். 1850களில் நீட்னர் என்ற கோப்பித் தோட்டக்காரர் இலங்கையில் பொறுக்கின வண்டுகளில் கொஞ்சம் ருஷ்யப் பூச்சி ஆய்வாளர் மொச்சுல்ஸ்கியிடம் போய், இப்போது மொஸ்கோவில். இந்தக் குடும்பத்தில் ஆசிய இனங்கள் கனக்கவற்றை விவரித்த டோர்ச்சிமோன் பெல்ஜியக்காரர், அவர் சேகரிப்பு பிரசல்ஸில். 1999இல் ஹான்சன் என்ற ஆய்வாளர் இந்தக் குடும்பத்துக்கு உலகப் பட்டியல் ஒன்று போட்டபடியால் எங்கே தேடுவதென்றாவது தெரியும். உன்னிச்சை வண்டு உன்னிச்சை வண்டுதானா என்று கேட்க மூன்று நாட்டுக் கதவைத் தட்ட வேணும். அனுமதி இல்லாமல் ஒரு கால் கூட நாட்டை விட்டு அனுப்பவும் கூடாது. அந்தச் சட்டம் சரிதான், நான் குறை சொல்லவில்லை.

வாழைச்சேனைப் பக்கமிருந்து:

சேர், சின்ன வயசில கரப்புக்கூடை போட்டு உள்ளுக்குக் கைவிட்டு மீன் பிடிக்கேக்க உள்ளங்கையில சுரீரெண்டு குத்தும். எடுத்துப் பார்த்தா கறுத்த வண்டு, பெருவிரல் அளவு. அப்பா "நஞ்சுடா, கையைக் கழுவு" எண்டு வாவித் தண்ணியிலயே கழுவ வைப்பார். இதுவும் உங்கட ஆள்தானா?

படுவான்கரையிலிருந்து:

ஓம் தம்பி, அனேகமாக ஹைட்ரோபிலஸ், இதே குடும்பத்தின் பெரிய ஆள். நஞ்சு இல்லை. நெஞ்சுக்குக் கீழே நீளமாக ஓடுகிற முள் இருக்கு, பின்பக்கம் கூர். கையை இறுக்கினால் அது தன்பாட்டில் ஏறும். தட்டையாக, முன்னங்கால் நண்டுக்கால் மாதிரி இருந்து, கடித்துப் பிறகு மணித்தியாலக் கணக்கில் வலித்திருந்தால் அது வண்டே இல்லை, நீர்மூட்டை. அதற்கு அப்பா சொன்னது சரி.

சம்மாந்துறையிலிருந்து:

எங்கட வாப்பா வீட்டுக்குப் பின்னால சீமெந்துத் தொட்டியில மீன்குஞ்சு வளர்த்தவர். ஒவ்வொரு நாளும் குஞ்சு குறையும். கொக்கு எண்டு வலை போட்டோம், நிக்கல்ல. கடைசியில அடியில ஒரு புழு, விரல் நீளம், பெரிய கொடுக்கு, வாயில குஞ்சு. நீங்க சொல்ற சைவ வண்டுட பிள்ளைதான் அது! அதுக்கு முந்தின கிழமை தண்ணியில வெள்ளையா பஞ்சு மாதிரி ஒண்டு மிதந்தது, நடுவில பாய்மரம் மாதிரி ஒரு குச்சி நிமிர்ந்து நிண்டது. மகள் அதைக் கப்பல் எண்டு விளையாடினவ. முட்டைக்கூடு எண்டு அப்ப யாருக்குத் தெரியும்?

திருக்கோவிலிலிருந்து:

தவளை விழுங்கின வண்டு பின்வாசலால உயிரோட வந்த கதையை ஒருத்தரும் எழுதல்லையே. ரெஜிம்பார்ட்டியா அற்றெனுவாற்றா, இதே குடும்பம். யப்பானில கோபே பல்கலைக்கழகத்து சுகியுரா 2020இல சோதிச்சுப் பார்த்தவர். 6 மணித்தியாலத்துக்குள்ள பத்தில ஒம்பதுக்கு மேல வெளிய வந்திட்டுதாம், உயிரோட. காலை மெழுகால ஒட்டிப்போட்டுக் குடுத்த வண்டு ஒண்டும் தப்பல்ல. ஆகவே வண்டு உள்ளுக்கு நடந்தே வந்திருக்கு. தவளைட முகம் அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் எண்டதுதான் எனக்குக் கவலை.

ஏறாவூரிலிருந்து:

முந்தி மழை இருட்டுக்குக் கடை பல்பைச் சுத்தி இதுகள் கொட்டும், காலையில வாரியல் போட்டுக் கூட்டணும். இப்ப வட்டைக்கு அடிக்கிற மருந்தோ என்னவோ, நான் கூட்டிக் கனகாலம்.

படுவான்கரையிலிருந்து:

கடை பல்புக்கு வருவது என்றால் எனக்கு அதுதான் வேணும். மடுவை நான் நாலு மாரியாக வாரிவிட்டேன், ஆண் இல்லை. மழை விட்ட இரவில் உங்கள் வாசல் வெளிச்சத்துக்குச் சின்ன மண்ணிற வண்டு வந்தால் ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். ஊர், இடம், திகதி எழுதின துண்டைப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனை மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

ஏறாவூரிலிருந்து:

சோடாப் போத்தல்ல போடலாமா சேர்?

படுவான்கரையிலிருந்து:

போடலாம். நல்லாக் கழுவிப்போட்டு. சீனி இருந்தால் எறும்பு வரும்.