ஜியோஜிப்ரா: முக்கோணத்தை விரிகோணமாக்கினால் செங்கோட்டு மையம் மறைந்துவிடுகிறது, உதவி தேவை

கேள்வி (ஒன்பதாம் வகுப்புக் கணித ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி)

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பு வடிவியலில் முக்கோணத்தின் செங்கோட்டு மையத்தையும் (முனைகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்கு வரையும் குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளி) நடுக்கோட்டு மையத்தையும் (முனைகளை எதிர்ப்பக்கங்களின் நடுப்புள்ளிகளோடு இணைக்கும் நடுக்கோடுகள் சந்திக்கும் புள்ளி) விளக்குவதற்காக, ஜியோஜிப்ரா கிளாசிக் 5 மென்பொருளில் ஒரு கோப்பைத் தயாரித்து ப்ரொஜெக்டரில் காட்டிவருகிறேன். பாடநூலின் இணையச் செயல்பாட்டுப் பகுதியில் ஆயத்தமான செயல்பாடுகள் உண்டு. ஆனால் எங்கள் பள்ளியில் இணைய இணைப்பு ஒரு பாடவேளை முழுவதும் நிலைத்திருப்பதில்லை என்பதால், இணையம் இல்லாமலே இயங்கும் கோப்பு எனக்குத் தேவைப்படுகிறது.

என் முதன்மையான சிக்கல் இதுதான். பலகோணக் கருவியால் ஏ, பி, சி என்னும் முனைகளைக் கொண்ட முக்கோணத்தை வரைந்து, ஒவ்வொரு முனையிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்துக் கோடு எடுத்து, அது பக்கத்தை வெட்டும் புள்ளியைக் குறித்து, முனையையும் அப்புள்ளியையும் கோட்டுத்துண்டால் இணைத்தேன். படம் தெளிவாக இருக்கட்டும் என்று முதலில் வரைந்த செங்குத்துக் கோடுகளை மறைத்துவிட்டேன். குறுங்கோண முக்கோணமாக இருக்கும்வரை மூன்று குத்துக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. சி முனையை இழுத்து ஏ முனையிலுள்ள கோணம் 90 பாகையைத் தாண்டியவுடன், இரண்டு குத்துக்கோடுகளும் செங்கோட்டு மையமும் திரையிலிருந்து போய்விடுகின்றன. விரிகோண முக்கோணத்தில் செங்கோட்டு மையம் வெளியே அமையும் என்று காட்ட வேண்டிய நேரத்தில் படத்தில் அந்தப் புள்ளியே இல்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. நடுக்கோட்டு மையம் நடுக்கோட்டை 2:1 என்னும் விகிதத்தில் பிரிக்கும் என்று சொல்லி நீளங்களைத் திரையில் காட்டினேன், அவை 3.47, 1.73 என்று வந்தன. ஒரு மாணவி உடனே வகுத்துப் பார்த்து, இரண்டைவிடச் சற்று அதிகமாக வருகிறதே என்று கேட்டாள். நல்ல கேள்வி, அதற்குரிய நல்ல விடையை அவளுக்குத் தர விரும்புகிறேன். மேலும், வீட்டுக் கணினியில் நான் தட்டச்சு செய்த தமிழ் விளக்கங்கள் பள்ளிக் கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி (கணினிப் பயிற்றுநர்)

வணக்கம் அம்மா. எழுத்துச் சிக்கலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எழுத்துகள் ஆங்கிலமாகத் தெரிகின்றன என்றால், நீங்கள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு முறை ஒன்றில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள் என்று பொருள். அம்முறைகளில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது உண்மையில் ஆங்கில எழுத்துகளே. அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் மட்டுமே அவை தமிழ் உருவில் தோன்றும். பள்ளிக் கணினியில் எழுத்துருவை நிறுவுவது தற்காலிகத் தீர்வுதான். உரையை ஒருங்குறிக்கு (யூனிகோடு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) மாற்றிக்கொள்வதே சரி, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இதைச் செய்துதரும். தமிழ்நாடு அரசும் 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. இனிப் புதிதாக எழுதுவனவற்றைத் தமிழ்99 விசைப்பலகையில் ஒருங்குறியாகவே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை திரும்பாது. கணிதக் குறியீடுகளையும் தமிழ்ச் சொற்களையும் ஒரே உரைப்பெட்டியில் கலக்காமல், தமிழ் விளக்கத்தை லேடெக்ஸ் (கணிதக் குறியீடுகளை அமைக்கும் முறை) தேர்வு நீக்கப்பட்ட தனிப் பெட்டியில் வைப்பது பாதுகாப்பானது.

விகிதத்தைப் பொறுத்தவரை, மென்பொருள் கணக்கிடுவது அதிகத் துல்லியத்தில். திரையில் காட்டுவது மட்டும் இரண்டு தசம இடங்களுக்கு. உங்கள் நடுக்கோட்டின் நீளம் 5.2 ஆக இருந்திருக்கலாம். அதன் மூன்றில் இரண்டு பங்கு 3.4666…, மூன்றில் ஒரு பங்கு 1.7333…. முன்னது மேல்நோக்கி 3.47 ஆகவும், பின்னது கீழ்நோக்கி 1.73 ஆகவும் முழுமையாக்கப்படுவதால் ஈவு 2.0058 அளவில் வருகிறது. அமைப்புகளில் தசம இடங்களை ஐந்தாகக் கூட்டிக் காட்டுங்கள். வேறுபாடு சுருங்குவதை அம்மாணவி காண்பாள். அதன்பின், இரண்டு நீளங்களையும் வகுக்கும் வேலையை உள்ளீட்டுப் பட்டையில் மென்பொருளிடமே கொடுத்தால் 2 என்று விடை காட்டும். தோராய மதிப்புகளை வைத்துக் கணக்கிட்டால் பிழை எவ்வாறு வளர்கிறது என்பதைக் கற்பிக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். வகுப்பறை வெளிச்சத்தில் மெல்லிய கோடுகள் கடைசி வரிசைக்குத் தெரியாது. எழுத்தளவை 28 அல்லது 32 ஆக வைத்து, கோட்டின் தடிமனைக் கூட்டி, மஞ்சள், வெளிர்பச்சை ஆகிய நிறங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

மறுமொழி (மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்)

செங்கோட்டு மையம் மறைவது மென்பொருளின் கோளாறு அன்று. நீங்கள் வெட்டுப்புள்ளி எடுத்தது பலகோணத்தின் பக்கத்தோடு. அந்தப் பக்கம் ஒரு கோட்டுத்துண்டு. ஏ கோணம் விரிகோணமாகும்போது, பி, சி ஆகிய முனைகளிலிருந்து வரும் செங்குத்துகளின் அடிகள் எதிர்ப்பக்கங்களின்மேல் விழுவதில்லை; அப்பக்கங்களை நீட்டினால் கிடைக்கும் கோட்டின்மேல்தான் விழுகின்றன. துண்டுக்கு வெளியே வெட்டுப்புள்ளி இல்லை என்பதால் ஜியோஜிப்ரா அதை வரையறுக்கப்படாத புள்ளியாகக் கொள்கிறது. அதைச் சார்ந்திருக்கும் குத்துக்கோடும் செங்கோட்டு மையமும் கூடவே மறைகின்றன. ஏ முனையிலிருந்து வரும் குத்துக்கோடு மட்டும் நிலைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்; அதன் அடி இன்னும் பக்கத்துக்குள்ளேயே இருப்பதுதான் காரணம்.

தீர்வு எளிது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களின் வழியாகவும் முழுக் கோடுகளை வரைந்து, அவற்றைப் புள்ளிக்கோடுகளாக மாற்றுங்கள். குத்துக்கோட்டின் அடியை இந்தக் கோடுகளோடு வெட்டச் செய்து பெறுங்கள். செங்கோட்டு மையத்தையோ துண்டுகளின் சந்திப்பாக எடுக்காமல், நீங்கள் மறைத்துவைத்த செங்குத்துக் கோடுகளின் சந்திப்பாக எடுங்கள்.

மறுமொழி (கணினிப் பயிற்றுநர்)

கோப்பை மீண்டும் வரையாமலேயே சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது, ஐயா. கோட்டுத்துண்டின் பண்புகளில், துண்டுக்கு வெளியேயுள்ள வெட்டுப்புள்ளிகளை அனுமதிக்கும் தேர்வு உண்டு. பக்கங்களுக்கும் குத்துக்கோடுகளுக்கும் அதை இயக்கிவிட்டால் புள்ளி மறையாது.

மறுமொழி (மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்)

அந்தத் தேர்வு வேலை செய்யும் என்பது உண்மை. இருப்பினும் இந்தப் பாடத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விரிகோண முக்கோணத்துக்குச் செங்கோட்டு மையம் வரையச் சொன்னால், தாளில் நம் மாணவர்கள் தடுமாறும் இடமும் இதுவே. பக்கத்தை நீட்ட வேண்டும் என்று தோன்றாமல், கவராயத்தின் வில் பக்கத்தை வெட்டவில்லையே என்று கையைப் பிசைந்துகொண்டு அமர்ந்திருப்பார்கள். சிலர் மூலைமட்டத்தைச் சாய்த்து எப்படியாவது பக்கத்துக்குள் ஓர் அடியை வரவழைத்துவிடுவார்கள். நீட்டிய கோடு திரையில் தெரியாமலே புள்ளி வெளியே போய் நின்றால், அது எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்கு விளங்காது.

ஆகவே ஆசிரியை அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழைய கோப்பை அழித்துவிட வேண்டாம். முதலில் அதையே காட்டுங்கள். சி முனையை இழுப்பதற்கு முன், புள்ளி எங்கே போகும் என்று ஒவ்வொருவரும் தம் ஏட்டில் குறித்துக்கொள்ளட்டும். இழுத்தவுடன் புள்ளி மறையும். ஏன் மறைந்தது என்று அவர்களையே பேசவிடுங்கள். பக்கத்தை நீட்டிப் பார்க்கலாமா என்று வகுப்பில் யாரேனும் ஒருவர் சொல்லும்வரை பொறுத்திருங்கள். அதற்குப் பின்பே திருத்திய கோப்பைத் திறந்து, அதே படத்தைக் கவராயத்தாலும் மூலைமட்டத்தாலும் தாளில் வரையச் செய்யுங்கள். தேர்வில் அவர்கள் கையில் இருக்கப்போவது அந்தக் கருவிகள்தாமே.

எண்களையும் தந்துவிடுகிறேன். ஏ(0, 0), பி(6, 0), சி(2, 4) என வைத்தால் செங்கோட்டு மையம் (2, 2), முக்கோணத்துக்கு உள்ளே. சி(0, 4) ஆனால் அது ஏ முனையிலேயே அமையும்; கையால் இழுத்துச் செங்கோணம் கொண்டுவர முயன்றால் பெரும்பாலும் 89.97 என்றோ 90.02 என்றோதான் நிற்கும் என்பதால், முழு எண் ஆயங்களையே கொடுத்துவிடுவது நல்லது. சி(−2, 4) ஆனால் மையம் (−2, −4), முக்கோணத்துக்கு வெளியே. இந்த மூன்று நிலைகளும் ஒரே திரைக்குள் அடங்கும். சி முனையை வலப்புறம் (8, 2) என்ற இடத்துக்குக் கொண்டுசென்றால் மையம் (8, −8) வரை கீழிறங்கித் திரையைத் தாண்டக்கூடும். அதையும் மறைந்துவிட்டதாக மாணவர்கள் எண்ணிவிடுவார்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய கோப்பை முதலில் காட்டியபோது, புள்ளி முக்கோணத்தின் விளிம்பில் நின்றுவிடும் என்றே பெரும்பாலானோர் ஏட்டில் குறித்திருந்தார்கள். பக்கத்தை நீட்டலாம் என்று சொன்னது, வழக்கமாக வாய் திறக்காத ஒரு மாணவன். திருத்திய கோப்பிலும் மூன்று நிலைகளும் சரியாக வருகின்றன. தமிழ் எழுத்துகளும் சரியாகிவிட்டன. இதே கோப்பைப் பத்தாம் வகுப்பிலும் பயன்படுத்த இயலுமா என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்)

இயலும் அம்மா. ஏ(0, 0), பி(6, 0) ஆகியவற்றை அப்படியே வைத்து, சி முனையை ஏபி கோட்டிலிருந்து 4 அலகு உயரத்திலுள்ள கிடைக்கோட்டின்மேல் மட்டும் நகரும்படி கட்டிவைத்து, செங்கோட்டு மையத்தின் பண்புகளில் தடம் காட்டும் தேர்வை இயக்குங்கள். சி முனையை மெதுவாக நகர்த்தினால், மையம் விட்டுச்செல்லும் தடம் ஏ, பி ஆகிய இரு முனைகள் வழியாகவும் செல்லும் ஒரு பரவளையம். சி முனையின் கிடை ஆயத்தை 6 என்ற எண்ணிலிருந்து கழித்து, மீதியை அதே ஆயத்தால் பெருக்கி, 4 ஆல் வகுத்தால் மையத்தின் உயரம் கிடைக்கும். மிக அதிக உயரம் 2.25, இருசமபக்க முக்கோணமாகும் இடத்தில். இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்தைத் தொடங்கும் நாளில் இதைக் காட்டுங்கள். வாய்பாட்டை மட்டும் நீங்கள் சொல்லிவிட வேண்டாம். சி முனையின் ஐந்தாறு இடங்களுக்குரிய ஆயங்களை மாணவர்களே அட்டவணையாக்கி வரைபடத்தாளில் குறிக்கட்டும்.