சேலத்தில் சாஃப்ட்வேர் டெவலப்பர் வேலை, கம்பெனி நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி: ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆஃபர். பெங்களூரு சம்பளத்தில் பாதிதான், ஆனால் அம்மா அப்பாவோடு இருக்கலாம். சேரும் முன் எதை விசாரிக்கட்டும்?

பதில் 1: ஒரிஜினல் சர்டிஃபிகேட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க நான்கு மாதம் அலைந்தேன்.

பதில் 2: பிஎஃப் கேளுங்கள். 20 பேர் இருந்தாலே கட்டாயம், நம்மிடம் பிடிக்கிற 12 சதவீதம் போல அவர்களும் போட வேண்டும், பாஸ்புக்கில் மாதாமாதம் தெரியும்.

பதில் 3: எங்கள் ஓனர், ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தபோது யார் செய்தது என்று கேட்கவே இல்லை, ஃபிளாஸ்கில் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து லாகை, அதாவது சர்வரில் பதிவான குறிப்புகளைப் படித்தார், அப்புறம் மதியம் வந்தால் போதும் என்று வீட்டுக்கு அனுப்பினார். ஆறு வருடமாக இங்கேதான் இருக்கிறேன்.