சீகாரப் பூங்குருவியை வன்னிக் காட்டில் விட்டால் பிழைக்குமா?

மல்லாவி ரீச்சர்:
வணக்கம். தரம் 9க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இலங்கைச் சீகாரப் பூங்குருவியின் படத்தைக் காட்டியபோது ஒரு பிள்ளை எழும்பி, "மலைநாட்டில் காடு குறைந்தால் இங்கே வன்னிக்குக் கொண்டுவந்து விடலாமே ரீச்சர், எங்களிடம்தான் காடு நிறைய இருக்குதே" என்றாள். அவளுக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும். அடுத்த தவணை மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறோம். அந்தக் குருவியின் நிலைமை உண்மையில் எப்படி?

அப்புத்தளைப் பேரன்:
நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள் ரீச்சர். நான் இருப்பது கிளிநொச்சியில். 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். சித்தப்பா குடும்பம் இன்னும் அப்புத்தளைப் பக்கம் லயத்தில்தான் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறது. இரண்டு பக்கக் காடும் எனக்குப் பழக்கம்.

இங்கே பிழைக்காது. மரம் மட்டும் அதற்குப் போதாது, காட்டுக்குள் ஓடும் குளிர்ந்த ஓடை வேண்டும். ஏறக்குறைய 900 மீற்றருக்கு மேலே, பாசி பிடித்த பாறையும் அடர்ந்த பற்றையும் உள்ள நீர்க்கரையில்தான் அதன் சீவியம். பாறை விளிம்பில் கூடு கட்டும். பூச்சி, தவளை, சின்னப் பல்லி தின்னும். எங்கள் கனகராயன் ஆறு ஆவணியில் மணலாய்க் கிடக்கும். பாலையும் வீரையும் நிற்கும் வன்னிக் காடு சோலைபாடிக் குருவிக்கும், மாரியில் வந்துபோகும் ஆறுமணிக் குருவிக்கும் ஏற்ற காடு.

அழிந்துவரும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் சிவப்புப் பட்டியலில் அது அழியும் ஆபத்திலுள்ள இனம். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. ஹோர்ட்டன், ஹக்கல, சிவனொளிபாதமலை, நக்கிள்ஸ் என்று துண்டு துண்டாகக் கிடக்கிற காட்டில் வாழ்கிறது, இடையில் தேயிலை. 2010 இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமை ஆனது பெரிய விசயம்தான். ஆனால் தேயிலைக்கு அடிக்கிற மருந்து மழையோடு ஓடைக்குத்தானே இறங்கும்? நக்கிள்ஸில் ஏலக்காய்க்காகப் பெரிய மரங்களை விட்டுக் கீழ்ப்பற்றையை வெட்டினார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் காடு, இந்தக் குருவிக்கு அங்கே ஒளிய இடமில்லை. ஹோர்ட்டனில் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போகின்றன.

வவுனிக்குளத்தான்:
அண்ணை, தோட்டத்துச் சனம் விறகு வெட்டுவதும் ஒரு காரணம் என்று வாசித்தேன்.

அப்புத்தளைப் பேரன்:
வெட்டுகிறார்கள் தம்பி, மறைக்கவில்லை. அந்தக் குளிரில் சோறு வடிக்கவும் சுடுதண்ணி வைக்கவும் வேறு என்ன செய்வது? ஆனால் கணக்கை முதலிலிருந்து பார்க்க வேண்டும். மலைச்சரிவுகளை மொட்டையடித்தது கோப்பி. 1869 இல் இலைநோய் வந்து கோப்பி செத்ததும் அதே நிலத்தில் தேயிலை ஏறியது. 5000 அடிக்கு மேலே காட்டை அழிக்க வேண்டாம் என்று 1873 இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனையால் உச்சிக்காட்டில் ஒரு பங்கு தப்பியது. 1872 இல் இந்தக் குருவிக்கு அறிவியல் பெயர் வைத்தபோதுகூட சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டக்காரரின் பெயரைத்தான் வைத்தார்கள். கொழுந்து பறிக்கிறவளின் விறகுக்கட்டை மட்டும் காட்டிப் பேசுவது அநியாயம். அந்தக் காடு மிஞ்ச வேண்டுமென்றால் லயத்துக்கு காஸ் அடுப்பும் கட்டுப்படியான விலையில் சிலிண்டரும் கிடைக்க வேண்டும். குருவிக்காகப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மல்லாவி ரீச்சர்:
நன்றி அண்ணை. பிள்ளைகள் அந்தக் குருவியைப் பார்க்க வாய்ப்பு இருக்கிறதா?

அப்புத்தளைப் பேரன்:
விடியற்காலையிலோ பொழுதுபடும் நேரத்திலோதான் வெளியே வரும். ஹோர்ட்டனுக்குப் போகும் பட்டிப்பொலப் பாதையோரம், பறவை பார்ப்பவர்கள் அரெங்கா குளம் என்று சொல்லும் குட்டை இருக்கிறது. பஸ்ஸைத் தள்ளி நிறுத்திவிட்டு அங்கே சத்தம் போடாமல் நில்லுங்கள். உடம்பு கறுப்பு, தோளில் நீலம், மைனாவை விடச் சற்றுச் சிறிது. அப்புறம், போனில் அதன் குரலைப் போட்டு யாரும் கூப்பிடக் கூடாது. தை முதல் வைகாசி வரை கூடு கட்டும் காலம், கூட்டை விட்டு எழும்பி வந்துவிடும். சாப்பாட்டை வாழையிலையில் கட்டிக்கொண்டு போங்கள், பொலித்தீனை வாசலிலேயே எடுத்துவிடுவார்கள்.