பிரதமர் பக்கத்தில் நிற்பவர் கையில் அது என்ன? (எங்கள் குடும்பக் குழுவில்)

கார்த்தி: 📷 படம்

கார்த்தி: பெரியப்பா, பிரதமர் பக்கத்தில் நிற்கிறாரே அந்தக் கறுப்புப் பூனை, அவர் கையில் இருப்பது நிஜத் துப்பாக்கிதானா? வாக்குவம் கிளீனர் மாதிரி இருக்கிறது.

சுதா அத்தை: 😂😂

பெரியப்பா: முதலில், அவர் கறுப்புப் பூனை இல்லை. கறுப்புப் பூனை என்றால் என்.எஸ்.ஜி. கமாண்டோ. இவர் எஸ்.பி.ஜி., பிரதமரின் பாதுகாப்புக்கென்றே 1985இல் உண்டான படை.

பெரியப்பா: துப்பாக்கி நிஜம்தான்டா. எஃப்2000. பெல்ஜியத்தில் எஃப்.என். கம்பெனி செய்தது. 2001இல் வெளியே காட்டினார்கள்.

வித்யா: ட்ரிகர் முன்னால், மேகசின் (தோட்டாப் பெட்டி) பின்னால். மாற்றி மாட்டிவிட்டார்களா?

பெரியப்பா: அதற்குப் பெயர் புல்பப். சாதாரணத் துப்பாக்கியில் தோளில் வைக்கிற பின்கட்டை வெறும் கட்டைதானே? இதில் மெஷினையே அதற்குள் தள்ளிவிட்டார்கள். பேரலை, அதாவது குண்டு பாயும் குழலை, குறைக்காமல் மொத்த நீளம் குறைந்துவிடும். ஏகே 47 சுமார் 88 செ.மீ., அதில் பேரல் 41.5. இது மொத்தமே 69 செ.மீ.தான், பேரல் மட்டும் 40.

ரவி மாமா: காரிலிருந்து இறங்கும்போது கதவில் இடிக்காது.

பெரியப்பா: அதேதான் ரவி.

கார்த்தி: இவ்வளவு வசதி என்றால் எல்லா ராணுவமும் இதையே வாங்கியிருக்கலாமே?

பெரியப்பா: காலி கேஸ் எங்கே போகும், அதை யோசி. சுட்டதும் சூடான பித்தளைக் கூடு வலது பக்கமாகத் தெறிக்கும். புல்பப்பில் அந்த ஓட்டை கன்னத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. வலது தோளில் வைத்துச் சுட்டால் பரவாயில்லை.

வித்யா: நான் இடது கைப் பழக்கம்.

பெரியப்பா: அப்படியென்றால் நேராக உன் முகத்துக்கு வரும் 🙂

பெரியப்பா: ஆஸ்திரியாக்காரன் ஏயூஜி என்ற தன் புல்பப்பில் இதற்கு ஒரு வழி வைத்தான். காலி கேஸை வெளியே இழுக்கிற போல்ட்டை மாற்றி, ஓட்டை மூடியையும் அந்தப் பக்கம் மாட்டினால் கேஸ் இடது பக்கம் தெறிக்கும். ஆனால் சண்டைக்கு நடுவில் தோள் மாற்றிச் சுட வேண்டியிருந்தால் என்ன செய்வது? எஃப்2000காரன் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று, காலி கேஸை ஒரு குழாய் வழியாக முன்னே தள்ளி, முன்பக்கமாக விழவைத்தான். முதல் சில தோட்டாக்களுக்கு ஒன்றுமே வெளியே வராது. குழாய் கொஞ்சம் நிரம்பிய பிறகுதான் ஒவ்வொன்றாக விழும். அந்தப் பருத்த உடம்புக்குள் இவ்வளவும் இருக்கிறது.

கார்த்தி: ஏயூஜி என் கேமில் இருக்கிறது! செம மாடர்ன் கன் அது.

பெரியப்பா: ஆஸ்திரிய ராணுவம் அதை எடுத்துக்கொண்டது 1977இல். உன் அப்பா டவுசர் போட்டுத் திரிந்த காலம்.

அப்பா: என்னை எதற்கு அண்ணா இழுக்கிறீர்கள்.

கார்த்தி: பி90 என்று இன்னொரு துப்பாக்கி, அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

பெரியப்பா: அதுவும் எஃப்.என்.தான், 1990. அரை மீட்டர் நீளம். மேகசின் பேரலுக்கு மேலே படுத்திருக்கும், 50 தோட்டா. உள்ளே எல்லாம் குறுக்கே கிடக்கும். இறங்கும்போது ஒவ்வொன்றும் 90 டிகிரி திரும்பித்தான் சேம்பருக்குள் (தோட்டா வெடிக்கிற அறை) போகும். காலி கேஸ் நேரே கீழே விழுவதால் இடது கை, வலது கை பிரச்சினையே இல்லை. வண்டி ஓட்டுகிறவன், பீரங்கி பக்கத்தில் நிற்கிறவன் மாதிரி ஆட்களுக்காகச் செய்தது.

ரவி மாமா: அத்தான், கேஸ்தானே தகராறு, கேஸே இல்லாமல் செய்தால் என்ன?

பெரியப்பா: 👏 ஜெர்மன்காரன் செய்தானே! ஹெக்லர் அண்ட் கோக் ஜி11. வெடிமருந்தையே சதுரக் கட்டியாக அழுத்தி, தோட்டாவை அதற்குள் புதைத்துவிட்டான். 4.73 மி.மீ. சுட்டால் கட்டி முழுக்க எரிந்துவிடும், வெளியே தள்ள எதுவும் மிச்சமில்லை. மூன்று தோட்டா சேர்த்துச் சுடும்போது வேகம் நிமிடத்துக்கு 2000க்கும் மேல். உதை தோளுக்கு வருவதற்குள் மூன்றும் பேரலை விட்டுப் போயிருக்கும்.

வித்யா: பிறகு ஏன் யாருமே வைத்திருக்கவில்லை?

பெரியப்பா: பித்தளைக் கேஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வெளியே போகும்போது சூட்டையும் கொண்டுபோகும். அது இல்லாததால் சேம்பர் கொதித்து, ட்ரிகரைத் தொடாமலே தோட்டா வெடித்தது. மருந்தை மாற்றி அதைச் சரிசெய்வதற்கே வருடக்கணக்கில் ஆனது. எல்லாம் கூடிவந்த நேரத்தில், 1990இல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகிவிட்டன. பணம் அந்தப் பக்கம் போயிற்று. நேட்டோவில் வேறு யாருடைய தோட்டாவும் இதில் போடவும் முடியாது. அப்படியே மூடிவிட்டார்கள்.

பெரியப்பா: பாவம், எனக்கு இவற்றிலேயே பிடித்தது அதுதான்.

சுதா அத்தை: துப்பாக்கிக்கெல்லாம் பாவம் பார்க்கிறார் மனுஷர்.

கார்த்தி: இனி எல்லாமே புல்பப்தான் வருமா?

பெரியப்பா: மாறாக நடக்கிறது. பிரான்ஸ் தன் புல்பப்பான ஃபமாஸை விட்டுவிட்டு 2016இல் சாதாரண அமைப்புள்ள எச்.கே.416க்குப் போய்விட்டது. சீனாவும் அப்படியே, 2019 அணிவகுப்பில் புதிய ரைஃபிளைக் காட்டியது, மேகசின் பழையபடி முன்னால். புல்பப்பில் அக்குளுக்குக் கீழே கைவிட்டு மேகசின் மாற்ற வேண்டும். ட்ரிகருக்கும் மெஷினுக்கும் நடுவே நீளக் கம்பி, அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும்.

ரவி மாமா: உங்கள் திருச்சி துப்பாக்கி ஃபேக்டரியில் எப்படி?

பெரியப்பா: திருச்சி அசால்ட் ரைஃபிள் ஏகே வகை. பார்த்தால் புதுமை ஒன்றும் தெரியாது. வேலை செய்யும்.

கார்த்தி: ஜி11 உள்ளே எப்படிச் சுற்றுகிறது என்று ஒரு வீடியோ இருக்கிறது, அனுப்பட்டுமா?

பெரியப்பா: அனுப்பு. 30 எம்.பி.க்கு மேல் என்றால் லிங்க் மட்டும் போடு, இங்கே மாடிக்குப் போனால்தான் நெட்.