அவசரம்: மஞ்சள் நோட்டீஸ் கொடுக்க நல்ல வக்கீல் தெரிந்தால் சொல்லுங்கள்

இரும்புக்கடை:
வணக்கம். கடன் கழுத்துக்கு வந்துவிட்டது. திவாலாகிவிட்டேன் என்று மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பக்கத்தில் நல்ல வக்கீல் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எவ்வளவு செலவாகும்? கடன் மொத்தமும் தள்ளுபடி ஆகிவிடுமா? காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவே பயமாக இருக்கிறது.

கெடிலக்கரை:
பக்கத்தில் என்றால் எதற்குப் பக்கத்தில்? கடலூரா, பாண்டியா? யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும்? வீடு யார் பேரில் இருக்கிறது?

தவளக்குப்பம்:
திவாலுக்கு 2016ல் புதுச் சட்டம் வந்துவிட்டது நண்பரே. சென்னையில் கம்பெனித் தீர்ப்பாயத்தில்தான் போடவேண்டும். என் மச்சான் வேலை பார்த்த கம்பெனிக்கு அப்படித்தான் நடந்தது. கடலூர் வக்கீலுக்கெல்லாம் இது சரிப்படாது.

லிக்னைட்:
எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாதா? 2016 சட்டத்தில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 1.12.2019 முதல் அமலில் இருக்கிறது. சாதாரணக் கடைக்காரருக்கு இன்றும் 1920ஆம் வருட மாகாண நொடிப்புச் சட்டம்தான். சென்னைக்குள் இருந்தால் 1909ஆம் வருடச் சட்டம். இந்த அரிச்சுவடிகூடத் தெரியாமல் வக்கீல் தேடக் கிளம்பிவிடுகிறார்கள்.

சின்னக்கடை:
தெரியாததால்தானே சார் வக்கீல் தேடுகிறார்.

தவளக்குப்பம்:
மச்சானிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

பழைய குமாஸ்தா:
தம்பி, கெடிலக்கரை கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். அதோடு இன்னும் இரண்டு: யாருக்காவது செக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்களா? உங்கள் கடனுக்கு யாராவது ஜாமீன் நிற்கிறார்களா? இது தெரியாமல் ஐ.பி. (திவால் மனு) போடலாமா வேண்டாமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இரும்புக்கடை:
வீடு ரெட்டிச்சாவடி, கடை கன்னியக்கோயில். மொத்தம் 14 லட்சம். அதில் பேங்க் 6, மீதி பைனான்ஸும் கைமாற்றும். வீடு அப்பா பேரில். பேங்க் கடனுக்கு அப்பாதான் ஜாமீன். பைனான்ஸ்காரரிடம் கையெழுத்துப் போட்ட செக் 3 இருக்கிறது. போன மாதம் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது, அப்பா வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். வண்டியை மனைவி பேருக்கு மாற்றிவிடட்டுமா?

கெடிலக்கரை:
இதையெல்லாம் முதலிலேயே எழுதியிருக்கலாமே ஐயா!

பழைய குமாஸ்தா:
வண்டியைத் தொடாதீர்கள். திவால் மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் சும்மா எழுதிக்கொடுத்த சொத்தை, ரிசீவர் (திவாலானவர் சொத்தைப் பொறுப்பில் எடுக்கக் கோர்ட் நியமிப்பவர்) கேட்டால் கோர்ட் செல்லாது என்று ஆக்கிவிடலாம், 1920 சட்டம் 53ஆம் பிரிவு. சொத்தை மறைத்தது தெரிந்தால் ஒரு வருடம் வரை ஜெயில்.

அடுத்தது ஜாமீன். உங்களுக்குக் கடனிலிருந்து விடுதலை கிடைத்தாலும் அப்பாவுக்குக் கிடைக்காது. நீங்கள் மனுவைப் போட்ட மறுநாளே பேங்க்காரர் அவரைத் தேடி வீட்டு வாசலுக்கு வருவார். வீடு அவர் பேரில் இருக்கிறது. இதை யோசித்தீர்களா?

மூன்றாவது செக். செக் திரும்பிய வழக்கு கிரிமினல் பக்கம் போகும், ஐ.பி. போட்டால் அது நிற்காது. நோட்டீஸை வாங்காமல் திருப்பினாலும் கொடுத்ததாகவே கணக்கு. கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம், அதற்குள் பணம் போகவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கேஸ் போட்டுவிடுவார்கள். உங்கள் அவசரம் இதுதான், மஞ்சள் நோட்டீஸ் இல்லை.

வக்கீல் தேட ஒரு வழி சொல்கிறேன். வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. அதனால் ‘கடனிலிருந்து விடுதலை, உடனே அழையுங்கள்’ என்று போனில் வரும் கும்பல் பெரும்பாலும் வக்கீல் அல்ல, முன்பணம் வாங்கும் ஏஜென்சி. ஈ-கோர்ட்ஸ் தளத்தில் கடலூர் மாவட்டத்தைத் தேர்ந்து, வழக்கு வகையில் ஐ.பி. என்று போட்டுப் பாருங்கள். யார் அந்த மனுக்களை நடத்துகிறார்கள் என்று பெயரோடு வரும். அதில் இரண்டு மூன்று பேரைக் குறித்துக்கொண்டு நேரில் போங்கள். மனு நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் போடலாம், அதனால் கடலூர் போதும். காசு இல்லை என்றால் கோர்ட்டிலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போன் 15100.

கடன் பட்டியலை ஒழுங்காக எழுதிக்கொண்டு போங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெயர்களைக் கிறுக்கிக்கொண்டு வருவார்கள். தெருப் பெயர் இருக்காது, ‘மளிகைக் கடை அண்ணாச்சி’ என்று மட்டும் இருக்கும். ஒவ்வொரு கடன்காரருக்கும் கோர்ட் நோட்டீஸ் போகவேண்டும். விலாசம் தப்பானால் கவர் திரும்பி வரும், வாய்தா தள்ளும், அந்த இடைவெளியில் வட்டி ஓடும்.

பாத்திரக்கடை:
ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருவர் எனக்கு இந்த மஞ்சள் நோட்டீஸைத்தான் அனுப்பினார். கைமாற்றாக 2 லட்சம் கொடுத்திருந்தேன், பெண் கல்யாணத்துக்கு வைத்திருந்த காசு. எதிர்த்து மனுப் போட்டேன். ரூபாய்க்குப் பத்துக் காசுகூட வரவில்லை. அவர் இப்போது மகன் பேரில் வேறு கடை நடத்துகிறார். வழி சொல்லிக்கொடுக்கும் பெரியவர்கள் கடன் கொடுத்தவனையும் கொஞ்சம் நினையுங்கள்.

சின்னக்கடை:
எத்தனை வட்டிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்களேன்.

பாத்திரக்கடை:
நூற்றுக்கு ரெண்டு ரூபாய். ஊரில் யாரும் வாங்காததா?

சின்னக்கடை:
மாதம் ரெண்டு என்றால் வருடம் 24. அதை அசலோடு சேர்த்துத்தானே 2 லட்சம் என்கிறீர்கள்?

பாத்திரக்கடை:
அசலே 2 லட்சம். நான் கந்துவட்டிக்காரன் என்கிறீரா?

லிக்னைட்:
2003ஆம் வருடத் தமிழ்நாட்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை இருக்கிறது. கைமாற்று அதில் சேருமா என்பது வேறு விவாதம். ஆனால் பாத்திரக்கடை, கடனாளி சொத்தை மகன் பேருக்கு மாற்றியது தெரிந்திருந்தால் ரிசீவரிடம் மனுக் கொடுத்திருக்க வேண்டும். கேட்காதவனுக்குக் கோர்ட் தானாகக் கொண்டுவந்து தராது.

பாத்திரக்கடை:
உங்களுக்கு எல்லாமே சுலபம். ஒரு வாய்தாவுக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போய் நின்றால்தான் தெரியும்.

பழைய குமாஸ்தா:
பாத்திரக்கடை சொல்வதில் நியாயம் இருக்கிறது. திவால் என்றால் தள்ளுபடி என்று நினைக்கிறார்கள். முதலில் திவால் என்று அறிவிப்பார்கள், சொத்து ரிசீவர் கைக்குப் போகும், பிறகு விடுதலைக்குத் தனி மனு. சொத்து மதிப்பு ரூபாய்க்கு எட்டணாவுக்கு, அதாவது கடனில் பாதிக்குக் குறைவாக இருந்தால், அதற்குத் தான் காரணமில்லை என்று கடனாளிதான் நிரூபிக்கவேண்டும். விடுதலை மனுவை உரிய காலத்தில் போடாமல் விட்டால் அறிவிப்பே ரத்தாகும், கடன்காரர் எல்லாரும் பழையபடி வந்து நிற்பார்கள். பாதிப் பேர் நோட்டீஸ் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

கெடிலக்கரை:
கடனுக்கு ஜெயிலில் போடுவார்கள் என்று பைனான்ஸ் ஆட்கள் மிரட்டுகிறார்களாம். அது உண்மையா?

பழைய குமாஸ்தா:
சிவில் கடனுக்கு, கையில் வசதி இருந்தும் கொடுக்காமல் ஏமாற்றினால்தான் கைது. வெறும் இல்லாமைக்காக ஜெயிலில் போடக்கூடாது என்று 1980லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செக் கேஸ் வேறு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தவளக்குப்பம்:
மச்சானும் சென்னைதான் என்கிறார்.

லிக்னைட்:
உங்கள் மச்சான் கம்பெனியா, தனிநபரா?

கெடிலக்கரை:
இரும்புக்கடை எங்கே போனார்? ஒரு வாரமாகச் சத்தமே இல்லை.

இரும்புக்கடை:
மன்னிக்கவும், போனை அணைத்து வைத்திருந்தேன். கடலூர் கோர்ட்டில் ஒருவரைப் பார்த்தேன். ஐ.பி. இப்போதைக்கு வேண்டாம் என்றார். அப்பாவை அழைத்துக்கொண்டு பேங்குக்குப் போய் ஒரே தவணையில் குறைத்து முடிக்கக் கேட்கச் சொன்னார். செக் கேஸ் சம்மன் வந்துவிட்டது, புதுச்சேரி கோர்ட். கடலூர் ஆளான எனக்கு அங்கே எப்படி? எல்லாருக்கும் நன்றி.

பழைய குமாஸ்தா:
2015ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, செக்கைப் போட்ட பைனான்ஸ்காரரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டில்தான் கேஸ். அவர் கணக்கு பாண்டியில் இருக்கும். அங்கே ஒரு வக்கீலிடம் வக்காலத்துக் கொடுங்கள். முதல் வாய்தாவுக்கு நீங்களும் நேரில் போய்விடுங்கள், போகாவிட்டால் வாரண்ட் வரும். பேங்க் கொடுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.